கறுப்பு நீச்சல் உடுப்பு

அவளுடைய நீச்சல் உடுப்பு நீலம், என்னுடையது கறுப்பு. பொறாமைப்பட எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. நீலம் என்றால் பேனை மையின் நீலம் இல்லை. மழை விட்ட மறுநாள் காலையில் வானம் இருக்குமே, அந்த வெளிர் நீலம். கறுப்பைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? கறுப்பு கறுப்புத்தான்.

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. கிளிநொச்சிப் பக்கத்தில், ஒரு குளத்துக்குக் கீழே இருந்த குடியேற்றத் திட்டத்தில் எங்கள் வீடு. அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து காணி எடுத்து, காடு வெட்டி, வயலாக்கியவர். அவளுடைய குடும்பம் மலையகத்தில் ஒரு தோட்டத்தை விட்டு வந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தது. விதைப்புக்கும் அரிவு வெட்டுக்கும் அவளுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் வயலுக்கு வருவார்கள். அவளுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிடும்போது குரலில் ஒரு குழைவு இருக்கும். அதுவும் எனக்குப் பிடிக்காது.

நீச்சலை எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தவர் ஒரு ரீச்சர். கடல்நீரேரியைப் படகில் கடந்து வன்னிக்கு வந்தவர், எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்தார். முந்திய மாரியில் வாய்க்காலில் ஒரு சின்னப் பிள்ளை தாண்டு செத்துப் போயிருந்தது. "குளத்துக்குக் கீழ சீவிக்கிறியள், ஒருத்தருக்கும் நீந்தத் தெரியாது. இது என்ன கூத்து?" என்று பெற்றோர் கூட்டத்தில் எழும்பிக் கேட்டார். அடுத்த கிழமையே விடியக்காலையில் எங்களைப் பெண்கள் குளிக்கும் துறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பக்கம் ஆண்கள் வராமல் பார்த்துக்கொள்ள இரண்டு தாய்மார் குளக்கட்டில் குந்தியிருந்து வெற்றிலை போடுவார்கள்.

முதலில் எல்லோரும் பழைய சட்டையோடுதான் இறங்கினோம். நீச்சல் உடுப்பு என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு நிவாரணமாகப் பழைய உடுப்பு மூட்டை ஒன்று வந்தது. பிரித்தால் பெரும்பாலும் கம்பளிக் கோட்டு. எங்கள் வெயிலுக்கு அதைப் போடுகிறவனைப் பைத்தியம் என்பார்கள். அடியில் இருந்து ஒரு தாய் எதையோ இழுத்தெடுத்து, "கை இல்லாத சட்டையையும் கால் இல்லாத காற்சட்டையையும் சேர்த்துத் தைச்சு வைச்சிருக்கினம்" என்று சிரித்தார். இன்னொன்றும் அகப்பட்டது. ரீச்சர் ஓடி வந்து இரண்டையும் பறித்துக்கொண்டார். குழந்தையைக் கிணற்றில் இருந்து எடுத்தவர் மாதிரி நெஞ்சோடு பிடித்திருந்தார்.

எங்கள் கூட்டத்தில் நன்றாக நீந்தியவர்கள் நானும் அவளும்தான். ஆகவே உடுப்பு எங்களுக்கு. எனக்கு நீலம் வேண்டும் என்று கையை நீட்டினேன். ரீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது ஒடுக்கம். நீ கொஞ்சம் அகலம், பிள்ளை" என்று கறுப்பைத் தந்தார். அகலம். அந்தச் சொல் எனக்கு இன்றைக்கும் செரிக்கவில்லை.

உடுப்பைத் தந்த கையோடு பாவிக்கும் முறையையும் சொன்னார். "இனி இப்பிடி ஒண்டு எங்க தேடினாலும் கிடைக்காது. கவனமாப் பாவியுங்கோ. குளத்தால ஏறின உடன கிணத்துத் தண்ணியில அலசுங்கோ. முறுக்கிப் பிழியாதேங்கோ. போட்டுத் தேய்க்காதேங்கோ. வெயில் பட்டா றப்பர் செத்துப் போகும், நிழலில காயப்போடுங்கோ. கல்லில குந்தாதேங்கோ, கல்லு துணியைத் தின்னும்."

இரண்டு பேரும் "ஓம் ரீச்சர்" என்றோம். நான் சும்மா சொன்னேன். அவள் கேட்டுச் சொன்னாள்.

செய்யாதே என்ற எல்லாவற்றையும் நான் முதல் மாதத்திலேயே செய்து முடித்துவிட்டேன். குளக்கட்டின் உட்புறம் முழுக்கக் கருங்கல் அடுக்கியிருக்கும். மேலே இருந்து சறுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் விழுவதுதான் எனக்கு நீச்சலில் பாதி. வீட்டில் அம்மா அதைச் சாக்குத் துண்டு மாதிரித்தான் நடத்தினார். அம்மாவுக்குப் பிழிவது என்றால் ஒரு சொட்டு மிஞ்சக் கூடாது. பிழிந்துவிட்டு, அப்பாவின் கண்ணில் பட்டால் வெட்கம் என்று, குசினியின் தகரக் கூரைக்கு மேலே எறிந்து காயப்போடுவார். உச்சி வெயிலில் அந்தத் தகரத்தில் அப்பளம் பொரிக்கலாம். சித்திரை வருவதற்குள் தோள்பட்டி தொய்ந்து முழங்கை வரை வந்தது. முதுகுப் பக்கம் இரண்டு பட்டியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு நீந்தினேன். கறுப்பு நரைத்துப் போனது.

அவளுடையது அப்படியே இருந்தது. அதுதான் என்னை அரித்தது. ரீச்சர் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் வேகத்தைப் பார்க்கும் நாளில் அவள் மேல்சட்டையைக் கழற்றுவாள், உள்ளே இருந்து அந்த நீலம் வரும், முதல்நாள் மாதிரியே வரும். மற்றப் பிள்ளைகள் கிட்டப் போய்த் தொட்டுப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன், பார்க்காத மாதிரி.

மற்ற நாட்களில் அவள் அதைப் போடவே மாட்டாள். பெண்கள் குளிக்கிறபோது கட்டுவது போலப் பாவாடையை நெஞ்சுக்கு மேலே குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு இறங்குவாள். இறங்கிய உடனே பாவாடைக்குள் காற்றுப் புகுந்து முதுகுப் பக்கம் ஊதிக்கொண்டு எழும்பும். கையால் தட்டி அமுக்கிவிட்டு நீந்தத் தொடங்குவாள். பிறகு அது தண்ணீர் குடித்துக் காலைச் சுற்றும். நான் துறையில் இருந்து மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து சிரிப்பேன்.

"ஏனடி, அதை வீட்ட வைச்சுப் பூசை செய்யிறியோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லக்கா. டீச்சர் நேரம் பாக்குற நாளுக்கு மட்டும் போட்டுக்கிறேன். தெனமும் போட்டா இத்துப் போயிரும்ல."

"பாவாடை காலை இழுக்காதோ?"

"இழுக்குந்தாக்கா" என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அப்போது வேகம் நான்தான். தண்ணீரில் நட்ட ஒரு தடியில் இருந்து மற்றத் தடி வரைக்கும் ரீச்சர் வைக்கும் நீச்சலில் அவளை நான் எப்போதும் பின்னுக்கு விட்டேன். அதனால் சிரிக்க எனக்கு உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சித்திரையில் ரீச்சர் ஒரு செய்தி கொண்டு வந்தார். வவுனியாவில் ஒரு குளத்தில் கயிறு கட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீச்சல் போட்டி வைக்கப் போகிறார்களாம். எங்களிடம் இருந்து ஒரு பெண்பிள்ளைக்குத்தான் வன்னிக்கு வெளியே போகப் பாஸ் எடுக்க முடியும். "போட்டிக்கு வாறவை கட்டாயம் நீச்சல் உடுப்போட வரவேணும். சட்டை, பாவாடையோட இறங்க விடமாட்டினம். உங்கள் ரெண்டு பேரிலதான் ஒராள். போட்டிக்கு முதல் ஒருநாள் நீந்தவிட்டுப் பார்ப்பன். அதுவரைக்கும் உடுப்பு தாக்குப் பிடிக்கவேணும்."

வவுனியா என்றால் எங்களுக்கு மின்சாரம். வவுனியா என்றால் ஐஸ்கிறீம், குளிர்சோடா, கேட்ட உடனே எடுத்துத் தரும் கடைகள். வன்னிக்குள் சாமான் கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் சவர்க்காரம், பற்றறி, மண்ணெண்ணெய் எல்லாம் கதையில்தான் இருந்தன. தாண்டிக்குளத்து ஆமிச் சோதனையைக் கடந்து போய் வந்தவர்களைச் சுற்றி நாங்கள் ஒரு கிழமைக்குக் குந்தியிருந்து கதை கேட்போம். நான் போவேன் என்று முடிவு செய்துவிட்டேன். வேகம் என்னிடம் இருந்தது. உடுப்புத்தான் என்னைக் கைவிட்டுக்கொண்டிருந்தது.

போட்டி ஆனிக்குத் தள்ளிப் போனது. பாதை பூட்டு என்றார்கள். பிறகு ஆவணி என்றார்கள். பிறகு புரட்டாசிக் கடைசி என்றார்கள். ஒவ்வொரு முறை தள்ளிப் போகும்போதும் நான் உடுப்பை எடுத்து இழுத்துப் பார்ப்பேன். மற்றவர்கள் பாதையை நினைத்துக் கவலைப்பட, நான் இலாஸ்டிக்கை நினைத்துக் கவலைப்பட்டேன். காலைச் சுற்றியிருந்த இலாஸ்டிக் நொறுங்கி உள்ளுக்குள் மணல் மாதிரிக் கொட்டியது. அம்மாவின் பாவாடை நாடாவைக் கோத்துக் கட்டினேன்.

அவள் என்னதான் செய்கிறாள் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அவளுடைய அம்மா விட்டுப் போன சுளகைத் திருப்பிக் கொடுக்கும் சாட்டில் வாய்க்காலைத் தாண்டிப் போனேன். அவளுடைய அம்மா பால் விடாத தேத்தண்ணீரும் சூடான ரொட்டியும் தந்தார். ரொட்டி எங்கள் வீட்டு ரொட்டியைவிட நன்றாக இருந்தது, அதற்கும் எனக்குக் கோபம். கண் வீட்டுக்குள் தேடியது. மண் சுவர் ஓரம், வெயில் வராத மூலையில் ஒரு பாய். பாயில் மடித்த பழைய சேலை. சேலைக்கு மேலே நீல உடுப்பு, சுருக்கம் ஒன்றும் இல்லாமல், கையை விரித்துப் படுத்திருந்தது. தொங்கவும் விடவில்லை.

"தொங்கப் போட்டா பட்டி நீளுதுக்கா. அதான் படுக்கப் போட்டுட்டேன்" என்றாள் அவள். ஒளிக்க ஒன்றும் இல்லாத குரலில் சொன்னாள். கிட்டப் போய் முகர்ந்து பார்த்தேன். துணி மணந்தது, வேறு ஒன்றும் இல்லை. என்னுடையது பாசி வெடுக்கு அடித்தது.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே நானும் திருந்திவிட்டேன். கல்லில் சறுக்குவதை விட்டேன். அம்மாவிடம் இருந்து உடுப்பைப் பறித்து நானே அலசினேன். ஆனால் அது ஆவணி மாதம். குளம் வற்றி, துறைப் பக்கம் தண்ணீர் சேறாகிக் கிடந்தது. வெறும் தண்ணீரில் அலச அலச மணம் போகவில்லை. அலுமாரிக்கு மேலே அரைக்கட்டிச் சவர்க்காரம் ஒன்று இருந்தது.

"உதில கை வைச்சியெண்டால் தெரியும்" என்றார் அம்மா. "அது அப்பாவின்ர வெள்ளை வேட்டிக்கு. உனக்குப் பனங்காய் கிடக்குத்தானே."

அந்த வருசங்களில் எங்கள் எல்லோருடைய உடுப்பும் பனங்காயில்தான் தோய்ந்தது. பழுத்து விழுந்த பனங்காயைத் தோலுரித்துத் தண்ணீரில் பிசைந்தால் நுரைக்கும். அந்தக் களியைத் துணியில் போட்டுக் கும்மினால் ஊத்தை போகும். துணி லேசாக மஞ்சளடிக்கும், இனிப்பாக மணக்கும். மணம்தான் வில்லங்கம். பனங்காய் மணம் பட்டால் மாட்டுக்கு உடுப்பு எது, தீன் எது என்று தெரியாது. அதனால் பனங்காயில் தோய்த்ததை வெயிலில், முற்றத்துக் கொடியில் உயரமாகப் போட்டு, தடியோடு ஒருவர் காவல் இருப்பது எங்கள் ஊர் வழக்கம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆனால் என் தலை முழுக்க அவளுடைய பாயும் நிழலும்தான் இருந்தன. நான் பனங்காய் போட்டுக் கும்மினேன். நுரை வந்தது, நரைத்த கறுப்புக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மூன்று முறை அலசினேன். முறுக்கவில்லை, துவாய்க்குள் வைத்து ஒற்றியெடுத்தேன். முற்றத்துக் கொடியில் போட முடியாது, அங்கே வெயில், போகிற வருகிறவர்களின் கண் வேறு. வளவு முழுக்க நல்ல நிழல் தேடினேன். கிடுகு வேய்ந்து, குளிர்ச்சியாக, ஒருவரும் பார்க்காத இடம் ஒன்று அகப்பட்டது. மாட்டுக் கொட்டிலின் பின்பக்கம். அங்கே கிடந்த மரக்குற்றியில், அவள் செய்தது போலவே, கையை விரித்துப் படுக்கப் போட்டேன். பட்டி நீளக் கூடாது பாருங்கள்.

பிறகு உள்ளே போய்ச் சோறு தின்றேன்.

திரும்பி வந்தபோது எங்கள் சிவலைப் பசு கண்ணை மூடிக்கொண்டு சப்பிக்கொண்டிருந்தது. வாயோரத்தில் ஒரு தோள்பட்டி தொங்கியது. நான் போட்ட சத்தத்தில் அம்மா அகப்பையோடு ஓடி வந்தார். இரண்டு பேரும் இழுத்தோம். மாடு விடவில்லை. கடைசியில் அம்மா அதன் மூக்கைப் பிடிக்க, உடுப்பு எச்சிலோடு வந்தது. முன்பக்கம் முழுசாக இருந்தது. முதுகும் இருக்கையும் இருந்த இடத்தில் என் இரண்டு கையும் போகக்கூடிய ஓட்டை.

"பனங்காயில தோய்ச்சதைக் கொண்டுபோய் ஆராவது மாட்டுக் கொட்டிலுக்குள்ள போடுவினமே?" அம்மா ஆத்திரத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

"ரீச்சர்தான் நிழலில காயப்போடச் சொன்னவா" என்று சொல்லிவிட்டு அழுதேன். எனக்கு உடுப்பில் கூடக் கோபம் வரவில்லை, மாட்டில் வரவில்லை. அவளில்தான் வந்தது. அவள் பாயில் படுக்கப் போடாவிட்டால் நான் குற்றியில் போட்டிருப்பேனா?

நீந்தவிட்டுப் பார்க்கும் நாளுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. அப்பாவின் கிழிந்த குடையில் இருந்து கறுப்புத் துணியை வெட்டி ஓட்டைக்கு வைத்துத் தைத்தேன். தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. குடைத்துணி தண்ணீர் பிடிக்காது, நல்லதுதான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது இழுபடாது என்பது நீந்தும்போதுதான் தெரிந்தது.

அன்று துறையில் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் முழுக்க நின்றார்கள். ரீச்சர் கையைத் தட்டினார். நான் பாய்ந்தேன். முதல் பத்துப் பதினைந்து வீச்சுக்கு அவள் என் காலடியில் இருந்தாள். பிறகு தோளருகே வந்தாள். பிறகு என்னைத் தாண்டிப் போனாள். பாவாடையை இழுத்து இழுத்துப் பழகிய கால் அது. எட்டு மாதமாக ஒரு வாளி துணியைக் கட்டி இழுத்தவள், அன்றைக்கு அந்த நீலத்தோடு சும்மா வழுக்கிக்கொண்டு போனாள். குடைத்துணி பிறகுதான் கிழிந்தது, அதற்குள் தண்ணீர் புகுந்து என்னைப் பின்னுக்கு இழுத்தது. குடைத்துணியால்தான் தோற்றேன் என்று நான் ஊர் முழுக்கச் சொன்னேன். இன்றைக்கும் கேட்பவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். கிழிவதற்கு முதலே அவள் முன்னுக்குப் போய்விட்டாள் என்பது எனக்கும் அவளுக்கும் ரீச்சருக்கும் தெரியும்.

அவள் துறையில் ஏறினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். ரீச்சர் மட்டும் தட்டவில்லை. ஓடிப்போய்த் துவாயால் அவளைப் போர்த்தினார். வெளிர் நீலம், உள்ளே துணி வைக்காத ஒற்றைத் துணி, நனைந்ததும் நெஞ்சில் ஒட்டி எல்லாவற்றையும் காட்டியது. இவ்வளவு நாளும் எங்களுக்குள் என்றபடியால் ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வவுனியாவில் குளக்கட்டு முழுக்க ஆம்பிளைகள் நிற்பார்கள்.

"உள்ளுக்கு ஒரு துணி வைக்காமல் இதோட கொண்டுபோகேலாது" என்றார் ரீச்சர். "சும்மா துணி சரிவராது, இழுபடுகிற துணி வேணும். அதுக்கு நான் எங்க போக?"

அதற்கு எங்கே போக வேண்டும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் முதுகில் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மாடு விட்டு வைத்த முன்பக்கம் என் நெஞ்சில் ஈரமாக ஒட்டியிருந்தது.

மறுநாள் பின்னேரம் அவள் வந்தாள். படலையைத் திறக்காமல் வெளியே நின்றாள். அம்மா குசினி வாசலில் இருந்து, "வயல் கூலிக்கோ பிள்ளை? அப்பா இல்லை, நாளைக்கு வா" என்றார்.

"இல்லம்மா. அக்காவப் பாக்க வந்தேன்."

நான் போனேன். அவள் காலால் மண்ணைக் கிண்டிக்கொண்டு நின்றாள். "அக்கா, ஒங்களோடதுல முன்பக்கம் நல்லா இருக்குன்னு..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு, "நீங்க தரலேன்னா பரவால்லக்கா. டீச்சர் கேக்கச் சொல்லல, நானாத்தான் வந்தேன்" என்றாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. மாடு முழுவதையும் தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அடுப்பில் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் போக முடியாது. அவளுடைய குழைந்த குரல் வவுனியாவைக் காணாது. ஒரு நிமிடம் அது எனக்கு இனித்தது. உடனேயே கசந்தது. அவள் போகாவிட்டால் ஒருவரும் போகப் போவதில்லை. ஒருவரும் போகாத இடத்துக்கு நான் தோற்றதாக ஆகிவிடும். தோற்றதுக்கு ஒரு பெறுமதியாவது இருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது.

"உள்ள வா" என்றேன். "ஆனால் நான்தான் வெட்டுவன். நீ கத்தரிக்கோலைத் தொடக்கூடாது."

விறாந்தையில் இருந்து வெட்டினோம். மெஷினில் வைத்தால் நூல் அறுந்து போகும் என்று அம்மா சொன்னார், ஆகவே கையால், இழுபடுகிற மாதிரி வளைவு வளைவாக நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் தைத்தோம். அவளுடைய தையல் என்னுடையதைவிடச் சீராக வந்தது. சொல்லவும் வேண்டுமா. கிணற்றடியில் அவள் அதைப் போட்டு நின்றாள். நான் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினேன், கொஞ்சம் பலமாகத்தான் ஊற்றினேன். நனைந்ததும் நீலத்துக்குள் இருந்து என் கறுப்பு மேலே வந்தது. உடுப்பு அடர் நீலமாகி, கடைக் கண்ணாடிக்குள் இருந்து எடுத்தது மாதிரி நின்றது. இரண்டும் தனித்தனியாக இருந்தபோது இவ்வளவு வடிவாக இருந்ததில்லை.

பாதை திறந்தது. ரீச்சரும் அவளும் போனார்கள். நான் அந்த நாட்களில் மாட்டுக்குப் புல்லு வெட்டினேன்.

அவள் திரும்பி வந்த அன்றைக்கே நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள், இந்த முறை படலையைத் திறந்துகொண்டு. இரண்டாம் இடம். முதலாவதாக வந்தது வவுனியாப் பிள்ளை ஒன்று என்றாள். முதலாம் இடம் இல்லை என்று கேட்டதும் என் நெஞ்சில் ஒரு சின்னக் குளிர்ச்சி, மறைக்க மாட்டேன். மின்விளக்கைப் பற்றிச் சொன்னாள். ஐஸ்கிறீம் தின்னும்போது பல் கூசியதைச் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"தாண்டிக்குளத்துல பையக் கொட்டிட்டாங்கக்கா. ஆமிக்காரன் உடுப்பத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தான். ரெண்டு துணியா இருக்குல்ல, உள்ள என்னமோ வெச்சுத் தச்சிருக்கோம்னு நெனச்சிட்டான். பிரிக்கணும்னு கத்திய எடுத்துட்டான். நான் அழுதுட்டேன். டீச்சர் ரொம்ப நேரம் பேசினாங்க. அப்புறம் தையல் பூரா வெரலால தடவிப் பாத்துட்டுத் தந்தான்."

"என்ர பக்கத் தையலையுமோ?"

"அதத்தான்க்கா ரொம்ப நேரம் தடவினான். அது கோணலா இருந்துச்சுல்ல."

அவள் பையில் இருந்து உடுப்பை எடுத்தாள். சேலைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள். "போட்டி முடிஞ்சிருச்சு. ஒங்க துணியப் பிரிச்சுத் தரவாக்கா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, அவளுக்குக் கேலி வராது.

நான் வாங்கி மடியில் வைத்து உட்பக்கத்தைத் திருப்பினேன். அவளில் பொறாமைப்பட்டு எனக்குப் பழக்கம் இருந்தது, அது எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தெரியும். இது வேறு. வவுனியாத் தண்ணீரில் நனைந்து, கயிற்றைத் தொட்டு, கைதட்டல் கேட்டு, கத்திக்குத் தப்பி, அந்தக் கறுப்புத் துண்டு என் மடியில் கிடந்தது. மாட்டின் வாயில் இருந்து நான் இழுத்து எடுத்த துண்டு. நான் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் அது போய்விட்டு வந்திருந்தது.

"வேண்டாம், பிரிக்காத" என்றேன். "நிழலில காயப்போடு."